பழைய கார் ஸ்டியரிங்கில் ஆட்டம்: டை ராட் எண்ட், ரேக் எண்ட் வீட்டிலேயே மாற்றலாமா?

#1 | பழைய செடான்

வணக்கம். வண்டிக்கு இருபது வயசு தாண்டிடுச்சு. முன் சக்கர டிரைவ், ரேக் அண்ட் பினியன் (சின்ன பல் சக்கரம் பல் வெச்ச ரேக் கம்பியை இடமும் வலமும் தள்ளற வகை), பவர் ஸ்டியரிங் கிடையாது. ஏர்பேக்கும் இல்லை. கொஞ்ச நாளா ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரியுது. நேர் ரோட்டிலும் சின்னச் சின்னதா திருத்திக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு. மேடு பள்ளத்தில் இடது பக்கம் "டொக் டொக்". இடது முன் டயரின் உள்விளிம்பை ஒரு திசையில் தடவினா வழவழன்னு இருக்கு, எதிர்த் திசையில் தடவினா விரலில் தட்டுது.

இரண்டு பக்கத்துக்கும் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியைச் சக்கரப் பக்கம் சேர்க்கற வெளி மூட்டு) வாங்கி வெச்சாச்சு. ஆயில் மாத்தறது, பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் வரைக்கும் நானே பண்ணுவேன். ஸ்டியரிங் மட்டும் தொட்டதில்லை. வீட்டில் செய்யற வேலையா இது?

#2 | ரிவர்ஸ் கியர்

செய்யாதீங்க. பிரேக் பேட் தப்பா மாட்டினா சத்தம் வரும், பெடல் ஒரு மாதிரி இருக்கும், ஏதோ ஒரு எச்சரிக்கை கிடைக்கும். டை ராட் கழன்றா எச்சரிக்கையே இல்லை. ஒரு சக்கரம் இடதுக்கும் இன்னொன்று வலதுக்கும் போகும். அதுவும் எப்படியும் அலைன்மெண்ட்டுக்குப் போகத்தான் வேணும். அப்புறம் எதுக்கு வீட்டில் மல்லுக்கட்டணும்?

#3 | கிரீஸ் கை

ரிவர்ஸ் சொல்ற பயம் நியாயமான பயம்தான். ஆனா இந்த வேலையில் ஒரு வசதி இருக்கு: சரியா முடிஞ்சுதா இல்லையான்னு கண்ணால் பார்க்கலாம். நட் உட்கார்ந்திருக்கா, பின் போட்டிருக்கா, செக் நட் (ராடின் நீளம் மாறாம பிடிச்சு வைக்கற நட்) இறுகியிருக்கா, மூணும் வெளியில் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் இந்த மூணையும் நீங்க குனிஞ்சு பார்க்கணும்னுதான் சொல்வேன்.

தம்பி, அதுக்கு முன்னாடி ஒண்ணு. எது தேய்ஞ்சிருக்குன்னு பார்த்தீங்களா, இல்லை நேரா பார்ட்ஸ் வாங்கிட்டீங்களா? ஆட்டம் எங்கிருந்து வேணா வரும். இப்படிப் பாருங்க.

வண்டி நாலு சக்கரமும் தரையில் நிக்கட்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமா, சட்டுச் சட்டுன்னு ஆட்டணும். நீங்க கீழே ஒவ்வொரு மூட்டா கை வெச்சுப் பாருங்க. ஒரு மூட்டில் ஒரு பக்கம் அசைஞ்ச பிறகுதான் மறுபக்கம் அசையுதுன்னா அதுதான் ஆள். கண்ணை விட விரல் நல்லா சொல்லும்.

அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. சக்கரத்தை 9 மணி, 3 மணி இடத்தில் பிடிச்சு ஆட்டுங்க. பிறகு 12, 6. முதல் பிடியில் மட்டும் ஆடினா டை ராட் அல்லது ரேக். மேலும் கீழும் பிடிச்சா ஆடுதுன்னா பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். அதில் சந்தேகம்னா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் காணாமப் போனா பேரிங்.

ரேக் பூட்டை (ரேக் முனையில் உள் மூட்டை மூடற ரப்பர் உறை) மறந்துடாதீங்க. ரப்பர் மெல்லிசா இருந்தா பூட்டுக்கு மேலேயே உள் மூட்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தை ஆட்டச் சொல்லுங்க. உள்ளே 'க்ளிக்'னு கையில் தட்டும்.

#4 | பழைய செடான்

நன்றி அண்ணே. பார்த்துட்டேன். 12-6இல் அசைவே இல்லை. 9-3இல் இடது பக்கம் நல்லாவே ஆடுது, வலது பக்கம் லேசா. வெளி எண்ட் இரண்டிலும் பூட் வெடிச்சு கிரீஸ் காய்ஞ்சு போயிருக்கு. ஆனா இடது பக்கம் பெரிய தட்டு ரேக் பூட்டுக்கு உள்ளேதான். அந்த பூட்டும் மடிப்பில் கிழிஞ்சிருக்கு.

#5 | கிரீஸ் கை

நினைச்சேன். வெளி எண்ட் மட்டும் மாத்தியிருந்தா 'டொக் டொக்' அப்படியே இருந்திருக்கும். பூட் கிழிஞ்சா தண்ணியும் மண்ணும் உள்ளே போய் ரேக் எண்டின், அதாவது அந்த உள் மூட்டின், பந்தைத் தின்னுடும்.

இப்போ இடது ரேக் எண்ட், இரண்டு வெளி எண்ட், இரண்டு பூட், அதுக்கான கிளிப். வலது ரேக் எண்டும் சேர்த்து மாத்தணுமான்னா, ஆட்டம் இல்லைன்னா கட்டாயம் இல்லை. ஆனா அதுவும் அதே வயசு. பின்னாடி அதை மாத்தினா இன்னொரு தடவை அலைன்மெண்ட். நானா இருந்தா இரண்டும் மாத்துவேன்.

பூட்டைக் கழட்டினதும் ரேக் கம்பியைத் துடைச்சுப் பாருங்க. பல் இருக்கற இடத்தில் துரு குழி விழுந்திருந்தா இந்த வேலையை நிறுத்திட்டு முழு ரேக்குக்கு யோசிங்க.

#6 | முட்டுக்கட்டை

பேர் வெச்ச பாவத்துக்கு நான்தான் சொல்லணும். பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. கெட்டியான சமதளம். ஜாக் தூக்கறதுக்கு மட்டும், தாங்கறதுக்கு ஸ்டாண்ட். ஸ்டாண்டில் இறக்கினதும் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்க. இந்த வேலையில் சுத்தியல் அடியும் நீளக் கம்பி இழுப்பும் உண்டு. அப்போ வண்டி நகரக் கூடாது.

கழட்டின சக்கரத்தைச் சும்மா சுவரில் சாய்க்காம வண்டிக்கு அடியில் படுக்க வைங்க.

#7 | நேர்கோடு

கழட்டறதுக்கு முன்னாடி அளவு எடுங்க, தயவுசெய்து. எல்லாரும் "எத்தனை சுத்துன்னு எண்ணிக்கோ, அதே சுத்து போடு"ன்னு சொல்வாங்க. பழைய எண்டும் புது எண்டும் ஒரே நீளம்னா அது சரி. வேற கம்பெனி எண்டில் மரை ஆரம்பிக்கற இடம் இரண்டு மி.மீ. தள்ளி இருக்கலாம். அப்போ சுத்து சரியா இருந்தும் நீளம் தப்பா வரும்.

எண்டின் பந்து மையத்திலிருந்து ராடில் நகராத ஒரு இடம் வரைக்கும் அளந்து எழுதி வைங்க. உங்களுக்கு ரேக் எண்டும் மாறுது, ராடே புதுசு. அதனால் பூட் கிளிப் உட்காரும் ரேக் ஹவுசிங் விளிம்பிலிருந்து வெளிப் பந்தின் மையம் வரைக்கும் அளக்கணும். ஸ்டியரிங் நேரா இருக்கும்போது இரண்டு பக்கமும். சுத்து எண்ணிக்கையையும் குறிச்சுக்கோங்க, ஒத்துப் பார்க்க ஆகும்.

#8 | கிரீஸ் கை

நேர்கோடு சொன்னதுக்கு மேல் ஒரு வரிசை. முந்தின நாளே மரை எல்லாத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துரு இளக்கற எண்ணெய் விட்டு வைங்க. மறுநாள் முதல் வேலை செக் நட். எண்ட் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பற பாகம்) மாட்டியிருக்கும்போதே இளக்கணும். கழட்டிட்டு இளக்கப் பார்த்தா எண்டும் சேர்ந்து சுத்தி உயிரை வாங்கும். ராடின் தட்டை இடத்தில் ஒரு ஸ்பானர் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணால் நட்டைத் திருப்புங்க. எந்தப் பக்கம் திருப்பணும்னு முதலில் மரையைப் பாருங்க, சில வண்டியில் ஒரு பக்கம் இடது மரை.

அப்புறம் ஸ்ப்ளிட் பின், காசில் நட் (பின் போக வெட்டு உள்ள நட்). நட்டை முழுசா எடுக்காம மரை நுனியோடு சமமா நிறுத்துங்க. டேப்பர் (நக்கிள் குழியில் இறுகியிருக்கற எண்டின் கூம்புத் தண்டு, அதாவது ஸ்டட்) விடும்போது எண்ட் எகிறாது.

டேப்பரைப் பிரிக்க புல்லர் இருந்தா அதுதான் நல்லது. திருகி இறுக்கி வெச்சுட்டு நக்கிள் கண்ணின் (அந்தக் குழியைச் சுத்தி இருக்கற வளையம்) பக்கவாட்டில் ஒரு அடி. இல்லைன்னா இரண்டு சுத்தியல். ஒண்ணை ஒரு பக்கம் அணை கொடுத்துட்டு எதிர்ப் பக்கம் இன்னொண்ணால் பலமா அடிக்கணும். கண் ஒரு நொடி முட்டை வடிவமா நசுங்கும், டேப்பர் பட்டுன்னு விட்டுடும். அடி விழ வேண்டியது நக்கிள் கண்ணில். நட் மேலே கீழேயிருந்து அடிக்கறவங்க மரையை நசுக்கிட்டுத்தான் வருவாங்க.

நெருப்பு காட்டாதீங்க. உள்ளே கிரீஸ், பக்கத்தில் பிரேக் ஹோஸ்.

#9 | நான்காம் கியர்

இரட்டைச் சுத்தியல் ரசிகர்கள் மன்னிக்கணும். கவட்டை மாதிரி இருக்குமே அந்த ஃபோர்க், அதைச் சொருகி இரண்டு அடி அடிச்சா வேலை முடிஞ்சுது. அவர் எண்டையே தூக்கிப் போடப் போறார், பூட் கிழிஞ்சா என்ன?

#10 | கிரீஸ் கை

தூக்கிப் போடற எண்டுக்கு ஃபோர்க் போடலாம், மறுக்கலை. திரும்ப மாட்டப் போற பால் ஜாயிண்ட்டுக்குப் போட்டா பூட் போயிடும். சிக்கல் என்னன்னா, ஃபோர்க் வீட்டுக்கு வந்துட்டா எல்லா மூட்டுக்கும் அதைத்தான் தேடும் கை.

#11 | பழைய செடான்

வலது பக்கம் அழகா வந்துடுச்சு. இரண்டு சுத்தியல்தான், மூணாவது அடியில் விட்டுது. இடது பக்கம் மாட்டிக்கிட்டேன். நட் பாதி தூரம் வந்ததும் ஸ்டட்டும் சேர்ந்து சுத்துது. டேப்பர் முன்னாடியே விட்டுப் போச்சு போல.

#12 | கிரீஸ் கை

டேப்பரைத் திரும்ப அதன் குழியில் அழுத்தினா நிக்கும். ஸ்டட் கீழ்நோக்கி இருந்தா எண்டின் தலையை மேலிருந்து நீளக் கம்பியால் நெம்பி அழுத்துங்க, அல்லது ஜி கிளாம்ப் போடுங்க. ஸ்டட் மேல்நோக்கி இருந்தா எண்டுக்கு அடியில் ஜாக் வெச்சு மெதுவா ஏத்தினா போதும், வண்டியைத் தூக்கற அளவுக்கு வேண்டாம். ஸ்டட் நுனியில் ஆலன் கீ குழி இருக்கான்னும் பாருங்க, சிலதில் இருக்கும். எதுவும் சரிவரலைன்னா நட்டை வெட்டுங்க. பழசுதானே. நக்கிளில் பிளேடு படக் கூடாது, அவ்வளவுதான்.

#13 | பழைய செடான்

நெம்பினதும் வந்துடுச்சு! இப்போ ரேக் எண்ட். பூட் கழட்டியாச்சு. ரேக் கம்பி சுத்தமா இருக்கு, நல்லவேளை. மூட்டுக்குப் பின்னாடி ஒரு வாஷர், அதன் விளிம்பை மடிச்சு விட்டிருக்காங்க. அப்படியே பைப் ரென்ச் போட்டுத் திருப்பலாமா?

#14 | கிரீஸ் கை

கொஞ்சம் பொறுங்க. இந்த இடத்தில்தான் ரேக் கெடும்.

முதலில் மடிச்ச வாஷரை உளியால் நிமிர்த்துங்க. சில வண்டியில் வாஷருக்குப் பதிலா சின்ன பின் இருக்கும், சிலதில் மூட்டின் கழுத்தையே ரேக்கில் தட்டி அழுத்தியிருப்பாங்க. எதுவா இருந்தாலும் அந்தத் தடுப்பை எடுக்காம திருகக் கூடாது.

அடுத்து, நீங்க கொடுக்கற முறுக்கு ரேக் பல்லுக்கும் பினியனுக்கும் போகக் கூடாது. ரேக்கைத் திருப்பி பல் பக்கம் வெளியே வந்ததும், கம்பியின் முனையில் ஸ்பானர் உட்காரும் தட்டை இடம் தெரியும். அங்கே ஒரு ஸ்பானரைப் பிடிச்சு, மூட்டை இன்னொண்ணால் திருப்புங்க. ஸ்டியரிங் லாக் போட்டு அது தாங்கும்னு நம்பி இழுக்கறவங்க இருக்காங்க. லாக் பின்னும் போகும், பல்லும் போகும். பைப் ரென்ச் மூட்டின் மேல் மட்டும். பளபளன்னு இருக்கற ரேக் கம்பியில் அதன் பல் பட்டா சீல் நாசம்.

புதுசு மாட்டும்போது வாஷரும் புதுசு. இறுக்கம் உங்க வண்டிப் புத்தகத்தில் உள்ளபடி. பல சின்னக் கார்களில் 70 முதல் 100 நியூட்டன் மீட்டருக்குள் வரும். கையளவில் போடற இறுக்கம் இல்லை இது. இறுக்கினதும் வாஷரை மடிச்சு விடுங்க.

பூட்டின் சின்ன வாயில், ராடைத் தொடற இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. பின்னாடி அலைன்மெண்ட்டுக்கு ராடைத் திருப்பும்போது பூட் முறுக்கிக்காது. முறுக்கின பூட் சீக்கிரமே அதே மடிப்பில் கிழியும்.

#15 | நேர்கோடு

வெளி எண்ட் மாட்டும்போது டேப்பர் இரண்டும் துடைச்சுக் காய்ஞ்சு இருக்கணும். கிரீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். அந்த உலோகப் பிடிதான் மூட்டைத் தாங்குது. கிரீஸ் போட்டா இறுக்கும்போது டேப்பர் அளவுக்கு மேல் உள்ளே இறங்கும். புது ஸ்டட்டில் மார்க்கரால் நீளவாக்கில் நாலு கோடு போட்டு, குழியில் வெச்சு லேசாத் திருப்பி எடுத்துப் பாருங்க. கோடு முழு நீளத்துக்கும் அழிஞ்சிருந்தா டேப்பர் பொருந்துது. நுனியில் மட்டும் அழிஞ்சிருந்தா அது உங்க வண்டி எண்டே இல்லை.

#16 | முட்டுக்கட்டை

காசில் நட்: புத்தக அளவுக்கு இறுக்குங்க, சின்னக் கார்களில் பெரும்பாலும் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். பின் துளை நேரா வரலையா, இன்னும் இறுக்கி நேராக்குங்க. இளக்கி நேராக்கக் கூடாது. பின் எப்பவும் புதுசு. நைலான் வளையம் உள்ள நட் வந்திருந்தா அதுவும் ஒரே தடவைதான்.

#17 | பழைய செடான்

எல்லாம் மாட்டியாச்சு. ஆட்டம் சுத்தமா இல்லை. இரண்டு கோடியிலும் திருப்பிப் பார்த்தேன், பிரேக் ஹோஸ் எங்கேயும் உரசலை. நீளம் பழைய அளவிலேயே வெச்சிருக்கேன். அலைன்மெண்ட் அடுத்த வாரம் பார்த்துக்கலாமா?

#18 | நேர்கோடு

ஒரு கணக்கு சொல்றேன், அப்புறம் முடிவு பண்ணுங்க.

ராட் மரை 1.5 மி.மீ. என்று வைங்க. ஒரு சுத்து, ராட் 1.5 மி.மீ. நகரும். நக்கிள் கையின் நீளம் சுமார் 130 மி.மீ. என்றால் சக்கரம் 0.66 டிகிரி திரும்பும். ரிம் விட்டம் 380 மி.மீ. என்றால் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 4.4 மி.மீ. வித்தியாசம். ஒரே ஒரு சுத்துக்கு. பல கார்களுக்கு இரண்டு சக்கரமும் சேர்த்து மொத்த டோவே (முன் சக்கரங்களின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம்) பூஜ்யத்திலிருந்து இரண்டு மி.மீ. அளவுதான். அதாவது அரைச் சுத்து பிசகினாலே எல்லையைத் தாண்டிட்டீங்க. டேப் வெச்சு ஒரு மி.மீ. தப்பா அளந்தாலும் டோவில் அது மூணு மடங்கு ஆகும்.

இன்னொண்ணு, பழைய நீளம் சரியான நீளம்னு யார் சொன்னது? மூட்டு தேய்ஞ்ச நிலையில் வெச்ச அளவு அது. டயர் உள்விளிம்பு தேய்ஞ்சதே சாட்சி.

வீட்டில் டோ பார்க்க முடியும். இரண்டு முன் டயரின் காற்றும் சமமா இருக்கட்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுத்தவிட்டு, அசையாத ஒரு ஆணியை ட்ரெட் நடுவில் பிடிச்சு மெல்லிய கோடு கீறுங்க. வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி நேரா நிறுத்துங்க. தூக்கி இறக்கினதும் சக்கரம் உள்வாங்கி நிக்கும், தள்ளினாத்தான் இயல்புக்கு வரும். டயரின் முன்பக்கம், ஹப் உயரத்தில், கோட்டுக்குக் கோடு அளங்க. அந்தப் புள்ளிகளில் சாக்பீஸ் அடையாளம். இப்போ வண்டியை முன்னால் தள்ளி அதே அடையாளம் பின்பக்கம் ஹப் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்க. அதே புள்ளியை இரண்டு இடத்திலும் அளக்கறதால் டயர் கோணல் கணக்கில் வராது. பின் அளவு பெரிசா இருந்தா டோ-இன், முன் அளவு பெரிசா இருந்தா டோ-அவுட்.

#19 | ரிவர்ஸ் கியர்

டேப்பும் சாக்பீஸும் வெச்சு அலைன்மெண்ட். இதுக்குத்தான் முதலிலேயே வேண்டாம்னேன். கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு), காஸ்டர் (திருப்பு அச்சின் முன்-பின் சாய்வு) எல்லாம் யார் பார்ப்பாங்க?

#20 | நேர்கோடு

அவர் தொட்டது டை ராட் மட்டும். அதனால் மாறினது டோ மட்டும். காஸ்டரும் கேம்பரும் கீழ்க்கையையும் ஸ்ட்ரட்டையும் பொறுத்தது, அதை அவர் அசைக்கலை. மெஷினுக்குப் போகக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை. போகிற வழியில் டயரைத் தேய்ச்சுக்கிட்டும் வண்டி அலைஞ்சுக்கிட்டும் போக வேண்டாம்னு சொல்றேன். மெஷினில் கொடுக்கற அச்சுத்தாளை வாங்கி வைங்க, நம்ம டேப் அளவோடு ஒத்துப் பார்க்க நல்லா இருக்கும்.

#21 | பழைய செடான்

டேப்பில் பார்த்தேன், 5 மி.மீ. டோ-அவுட். புத்தகத்தில் 0 முதல் 2 டோ-இன். இரண்டு ராடையும் சமமாத் திருப்பி 1 மி.மீ. டோ-இன்னுக்குக் கொண்டு வந்துட்டேன். வண்டி நேராப் போகுது, திருத்தவே வேண்டியதில்லை. ஆனா ஸ்டியரிங் வீல் லேசா இடது பக்கம் சாய்ஞ்சு நிக்குது. வீலைக் கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டிடலாமா?

#22 | கிரீஸ் கை

வேண்டாம் தம்பி. வீல் சரியாத்தான் இருக்கு, ரேக் நடுவில் இல்லை. வீலைத் தள்ளி மாட்டினா பார்க்க நேரா இருக்கும். ஆனா ஒரு பக்கம் அதிகமாத் திரும்பும், ஒரு பக்கம் குறையும். இண்டிகேட்டரும் சரியா திரும்பி வராது. ஏர்பேக் உள்ள வண்டியில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஒரு ராடைக் கால் சுத்து நீட்டுங்க, எதிர்ப் பக்க ராடை அதே கால் சுத்து குறைங்க. மொத்த டோ மாறாது, வீல் மட்டும் திரும்பும். ஓட்டிப் பார்த்து சாய்வு கூடினா எதிர்த் திசையில் செய்யுங்க. செக் நட்டை இறுக்கறப்போ வெளி எண்ட் அதன் அசைவின் நடுவில் இருக்கணும், ஒரு பக்கம் முட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. பூட் முறுக்கியிருந்தா அந்த முறுக்கை எடுத்துட்டு அப்புறம் கிளிப்பை இறுக்குங்க.

#23 | பழைய செடான்

நேராயிடுச்சு. நாளைக்கு மெஷினில் காட்டிட்டு அச்சுத்தாளைப் போடறேன்.

#24 | நான்காம் கியர்

இதைப் படிச்சிட்டு எனக்கும் கை அரிக்குது. என்னுது ரேக் இல்லை, ஸ்டியரிங் பாக்ஸ் உள்ள பழைய ஜீப் வகை வண்டி. ஆட்டம் வந்தப்போ பாக்ஸின் மேல் திருகை இறுக்கினா சரியாகும்னு ஒருத்தர் சொல்றார்.

#25 | கிரீஸ் கை

அந்தத் திருகு கடைசி. அளவுக்கு மேல் இறுக்கினா நடுவில் பிடிச்சுக்கும், வளைவிலிருந்து ஸ்டியரிங் தானா திரும்பி வராது. முதலில் ஐட்லர் ஆர்ம் (பாக்ஸுக்கு எதிர்ப் பக்கம் கம்பியைத் தாங்கற கை) இருந்தா அதை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க, அப்புறம் டிராக் லிங்க் (பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போற கம்பி) முனைகள், பாக்ஸ் சேஸியில் பிடிச்சிருக்கற போல்ட், ஸ்டியரிங் வீலிலிருந்து வர்ற தண்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கற ஜாயிண்ட். பிட்மேன் ஆர்மை (பாக்ஸின் ஷாஃப்டில் மாட்டியிருக்கற கை) கழட்டணும்னா அதுக்கான புல்லர் வேணும். அதைச் சுத்தியலால் அடிச்சா அடி நேரா பாக்ஸுக்குள்ளே பேரிங்குக்குப் போகும். கழட்டறதுக்கு முன்னாடி ஷாஃப்டிலும் ஆர்மிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கோங்க. உங்க ஃபோர்க்கை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க. தனி இழை போடுங்க, படத்தோட பேசலாம்.